புதருக்குள் வைத்த போன்

ஜூரி கடமைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தபோது ரொண்டாவுக்கு இருந்த ஒரே எரிச்சல், கிளினிக்கில் லீவு சொல்ல வேண்டுமே என்பதுதான். கண் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசை அவளுடையது. அவள் வராத நாட்களில் நோயாளிகள் நேரே உள்ளே போய் டாக்டரையே திட்டிவிட்டு வருவார்கள். அழைப்புத் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது என்று அவள் பார்க்கவில்லை. அதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

அதனால்தான் அந்த மார்ச் மாதத் திங்கட்கிழமை காலை, ஹாலோவே நகரத்து நீதிமன்ற வாசலில், பையையும் கோட்டையும் தட்டில் வைத்துவிட்டு நின்றவளைக் காவலர் கையை நீட்டித் தடுத்தபோது அவளுக்கு விஷயமே புரியவில்லை. காவலர் நல்ல உயரம். சட்டையில் கர்ட்டிஸ் என்று பெயர் குத்தியிருந்தது.

"அது உள்ள போகாது மேடம்."

"எது?"

"கையில என்ன வெச்சிருக்கீங்க?"

ரொண்டா தன் கையைப் பார்த்தாள். போன். அதைக் கையில் வைத்திருப்பதே அவளுக்கு நினைவில்லை. "இதுவா? சைலண்ட்ல போட்டுடறேன்."

"சைலண்ட்ல போட்டாலும் போன் போன்தான். அழைப்புத் தாள்ல பின்னாடி போட்டிருக்கே, படிக்கலியா? கார்ல வெச்சுட்டு வாங்க."

"கார் மெக்கானிக்கிட்ட கிடக்கு. வாடகைக் கார்ல வந்து இறங்கினேன்."

"அப்ப வீட்டுல வெச்சுட்டு வாங்க."

"ஒம்பது மணிக்குள்ள வரலேன்னா அபராதம்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"ஆக, முன்பக்கம் படிச்சிருக்கீங்க" என்றார் கர்ட்டிஸ்.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரொண்டாவுக்குக் காது மடல் சூடாகியது. "நீங்களே வாங்கி வெச்சுக்குங்களேன். இவ்வளவு பெரிய மேசை போட்டிருக்கீங்க, ஒரு டிராயர்ல போடுங்க."

"முன்ன அப்படித்தான் வாங்கி வெச்சிட்டிருந்தோம். ஒருத்தர் போனை இன்னொருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாரு. அது ஒரு கேஸாகி, அதுக்குத் தனியா ஒரு ஜூரி போட வேண்டியதாப் போச்சு. இப்ப வாங்கறதில்ல."

பின்னால் நின்றிருந்த தொப்பிக்காரர் பொறுமையிழந்தார். "ஒரு நாள் போன் இல்லேன்னா உசிரா போயிடும்? நகருங்கம்மா."

ரொண்டா திரும்பினாள். "என் பையன் லாரி ஓட்டறான்" என்றாள்.

தொப்பிக்காரருக்கு அது எதற்குப் பதில் என்று விளங்கவில்லை. ரொண்டாவுக்கு அதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது என்று தோன்றியது. தின்கிற பண்டத்தையெல்லாம் படம் பிடித்துப் போடுகிறவள் இல்லை அவள். அடுத்தவர்கள் எங்கே உல்லாசப் பயணம் போனார்கள் என்று பார்த்துப் புழுங்குகிறவளும் இல்லை. அவளுக்குப் போன் என்றால் ஒரே ஒரு விஷயம்தான். வரைபடத்தில் நகரும் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் வெஸ்லி, அவளுடைய ஒரே மகன், வயது இருபத்துநான்கு. ஒமாஹாவில் இன்னொரு ஓட்டுநரோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கும் மேற்குமாகப் பெரிய லாரி ஓட்டுகிறான். வயோமிங் மலைமேட்டில் காற்றடித்தால் லாரிகள் தீப்பெட்டி மாதிரிச் சாயும் என்று டிவியில் பார்த்த நாளிலிருந்து அவள் அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணெடுத்ததில்லை. அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருக்கும்போது பார்ப்பாள். சிவப்பு விளக்கில் பார்ப்பாள். தேவாலயத்தில் தலை குனியும்போதும் பார்ப்பாள். புள்ளி நகர்ந்தால் நிம்மதி. நின்றால் உடனே செய்தி போகும்: "ஏன் நிக்கறே?" வெஸ்லிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பதில் போட்டுவிடுவான்.

வாசற்படியில் இறங்கி நின்று அவள் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். புள்ளி வயோமிங்கில் லாரமிக்கு மேற்கே மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பனிப்புயல் எச்சரிக்கை வேறு. "பனி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "பரவால்ல மா" என்று வந்தது. "நான் கோர்ட்ல இருக்கேன், போன் இருக்காது, ஜாக்கிரதை" என்று தட்டினாள். தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

எதிர்வரிசையில் முடிவெட்டும் கடை இன்னும் திறக்கவில்லை. பக்கத்து வங்கியில் போனை வாங்கி வைத்துக்கொள்ளமாட்டார்கள். கோபுர மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. படியின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஊசியிலைப் புதர்கள் அடர்த்தியாக வளர்ந்திருந்தன. ரொண்டா அக்கம்பக்கம் பார்த்தாள். வலது கைக் கம்பளிக் கையுறையைக் கழற்றி, அதற்குள் போனைத் திணித்து, செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போல் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிக் குனிந்து, கொடிக்கம்பத்துக்கு நேரே இருந்த புதரின் அடியில் செருகினாள். அவள் போட்டிருந்தது வாரில்லாத பூட்ஸ் என்பது அப்புறம்தான் உறைத்தது.

திரும்ப வாசலுக்கு வந்தபோது கர்ட்டிஸ் அவளை உள்ளே விட்டார். அவள் முழங்காலில் ஒட்டியிருந்த ஈரமண்ணை மட்டும் பார்த்தார்.

ஜூரிகள் காத்திருக்கும் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. ரொண்டா நேரே போய் ஜன்னலோர நாற்காலியைப் பிடித்தாள். கொடிக்கம்பம் தெரிந்தது, புதர் தெரிந்தது. சரி, பார்த்துக்கொண்டே இருந்தால் யார் எடுத்துவிட முடியும்?

ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். நாட்டுக்குச் சேவை, பெருமை, நன்றி என்று யாரோ பேசினார்கள். அதன்பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. நாற்பது ஐம்பது பேர் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு, கையை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ரொண்டாவின் தொடையில் விர்ரென்று போன் அதிர்ந்தது. பேன்ட் பையைத் தொட்டாள், காலி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதிர்ந்தது. இல்லாத போன் எப்படி அதிரும் என்று தன்மேலேயே கோபம் வந்தது. புள்ளி இப்போது எங்கே இருக்கும்? மலை இறங்கியிருக்குமா? இறங்கியிருந்தா ஒரு வார்த்தை போடுவானே, என்று நினைத்தாள். போட்டிருப்பான். புதருக்குள் கிடக்கும் கையுறைக்குப் போட்டிருப்பான்.

மழை தூறத் தொடங்கியது.

"போச்சு" என்றாள் ரொண்டா, வாய்விட்டு.

பக்கத்து நாற்காலிக்காரி தலையைத் திருப்பினாள். ஊதா நிறத்தில் முடி, விரல் நிறைய மோதிரம். சொந்தமாக பியூட்டி பார்லர் வைத்திருப்பவள், பெயர் க்வென். "என்ன போச்சு?"

சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு ரொண்டா குனிந்து சொன்னாள். க்வென் சிரிக்கவில்லை.

"எந்தப் புதர்?"

"கொடிக்கம்பத்துக்கு நேரா."

"அட, நானும் அங்கதான். உங்களுக்கு ரெண்டு தள்ளி. சாண்ட்விச் பைக்குள்ள போட்டீங்களா?"

"கையுறைல."

"கம்பளியா?" க்வென் உச்சுக்கொட்டினாள். "போன தடவை வந்தப்ப நானும் அதைத்தான் செஞ்சேன். ஊறிப்போச்சு. அரிசிப் பானையில போட்டு வெச்சும் பொழைக்கல."

அந்த நேரத்தில்தான் மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஆள் ஒருவன் கீழே வந்தான். நீதிமன்றத் தோட்டக்காரன். தள்ளுவண்டியில் கத்தரியும் பொதி போட்ட உரமண்ணும் கொண்டுவந்து, கோடியில் இருந்த புதரிலிருந்து கத்தரிக்க ஆரம்பித்தான். மழையில் எவனாவது புதர் வெட்டுவானா? இன்றைக்கென்று பார்த்து வெட்டுகிறானே! ரொண்டா எழுந்து ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அவன் காதில் எதையோ மாட்டியிருந்தான். இன்னும் பலமாகத் தட்டினாள்.

"ஜன்னலைத் தட்டாதீங்க" என்றது மேசையிலிருந்து எழுத்தரின் குரல்.

"ஒரு நிமிஷம் கீழ போயிட்டு வந்துடறேன்."

"பேர் கூப்பிடற வரைக்கும் இந்த மாடியை விட்டுப் போகக் கூடாது."

"பாத்ரூம் போகணும்."

"பாத்ரூம் இந்த மாடியிலேயே இருக்கு."

ரொண்டா உட்கார்ந்தாள். கத்தரி சரக் சரக்கென்று கொடிக்கம்பத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. சரியாக அப்போது அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளையும் க்வென்னையும் இன்னும் ஒரு கூட்டத்தையும் வரிசையாக நீதிமன்ற அறைக்குக் கூட்டிப்போனார்கள். அந்த அறையில் ஜன்னலே இல்லை.

நீதிபதி வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. இரண்டு அண்டை வீட்டுக்காரர்களுக்கு நடுவே வேலியும் ஒரு குதிரையும் சம்பந்தப்பட்ட வழக்கு. விவரங்களைச் சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டார்: "உங்கள்ல யாருக்காவது இந்த வழக்கில முழுக் கவனம் செலுத்த முடியாதபடி ஏதாவது காரணம் இருக்கா?"

ரொண்டாவின் கை தானாக உயர்ந்தது.

"சொல்லுங்க."

"யுவர் ஆனர், என் போன் வெளியில புதருக்குள்ள இருக்கு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னீங்க?"

"உள்ள விடமாட்டேன்னாங்க. வைக்கறதுக்கு வேற இடமில்ல. இப்ப மழை பெய்யுது, ஒருத்தர் புதரை வெட்டிட்டு வர்றாரு. என் பையன் வயோமிங்ல பனியில லாரி ஓட்டிட்டிருக்கான். நீங்க வேலி, குதிரைன்னு சொன்னது எதுவும் என் காதுல விழலை, மன்னிக்கணும்."

"வேற யாராவது..." என்று ஆரம்பித்த நீதிபதி பாதியில் நிறுத்தினார். க்வென் கையைத் தூக்கியிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு தாடிக்காரர். அப்புறம் ஒரு கல்லூரி மாணவி. காலையில் உசிரா போயிடும் என்று கேட்ட தொப்பிக்காரர், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கையைத் தோள் உயரத்துக்கு மட்டும் தூக்கினார். மூத்த வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார்.

"இந்த ஊர்ல செடியெல்லாம் போன் காய்ச்சுத் தொங்குதா?" என்றார் நீதிபதி. "இதெல்லாம் ஒரு காரணமா எனக்குப் படலை. மத்தியானம் இடைவேளை விடுவேன். அப்ப போய் அறுவடை பண்ணிக்கங்க. உட்காருங்க."

இடைவேளை வருவதற்குள், ஜூரிக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ரொண்டாவிடம் இரண்டு வக்கீல்களும் கேள்வி கேட்டார்கள். குதிரை வளர்த்திருக்கிறாளா, வேலி போட்டிருக்கிறாளா, அண்டை வீட்டாரோடு சண்டை உண்டா? இல்லை, இல்லை, இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். எதையாவது தப்பாகச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்பது, அவளை ஜூரியாக எடுத்துக்கொண்டதாக அறிவித்தபிறகுதான் உறைத்தது. வாரம் முழுக்க வர வேண்டும். போன் இல்லாமல்.

இடைவேளை விட்டதும் படிகளில் அவள் ஓடினாள். புதர்கள் சதுரமாக, அழகாக வெட்டப்பட்டிருந்தன. கொடிக்கம்பத்துக்கு நேரே மண்டியிட்டுக் கைவிட்டுத் துழாவினாள். கையுறை கிடைத்தது. நனைந்து, தட்டையாக, உள்ளே ஒன்றுமில்லாமல். பக்கத்துப் புதரிலும் பார்த்தாள். ஊசியிலைகள் மணிக்கட்டைக் கீறின. தோட்டக்காரனையும் காணோம், வண்டியையும் காணோம்.

இரண்டு புதர் தள்ளிக் க்வென் தன்னுடையதை எடுத்துப் பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொட்டு ஈரமில்லை. ரொண்டாவின் முகத்தைப் பார்த்ததும் நீட்டினாள். "இந்தாங்க. பையனைக் கூப்பிடுங்க."

ரொண்டா வாங்கிக்கொண்டாள். எண்களின் மேல் விரலை வைத்தாள். விரல் அப்படியே நின்றது.

"எனக்கு அவன் நம்பர் தெரியாது" என்றாள்.

"பையன் நம்பரா?"

"பேரைத் தொட்டாப் போகும். நம்பரை நான் எப்பப் பாத்தேன்?" அவள் குரல் உடைந்தது. அழுகையில்லை, ஆத்திரம். பிள்ளை பிறந்த எடை தெரியும். ஆறாம் வகுப்பில் எந்தப் பல் உடைந்தது என்று தெரியும். பத்து இலக்கம் தெரியவில்லை. கிளினிக் நம்பர்? தினமும் அந்தப் போனை எடுக்கிறவள் அவள், அந்த நம்பருக்கு அவள் கூப்பிட்டதே கிடையாது. அவளுடைய மூளையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு எண். டுவேன்.

டுவேன் அவளுடைய முன்னாள் கணவன். இரண்டு மணி நேரப் பயணத்தில், இண்டியானா எல்லை தாண்டிக் கோழி வளர்க்கிறான். கல்யாணத்துக்கு முன் வாங்கிய எண்ணை இன்னும் மாற்றாத ஆள். போனை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிற ஆளும்கூட. அவர்கள் பிரிந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. அவனிடம் வெஸ்லியின் நம்பர் எங்காவது காகிதத்தில் எழுதியிருக்கும். அவனிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்களை அமுக்கினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான். கொட்டகையில் விட்டிருப்பான்.

"டுவேன் வீடு" என்றது ஒரு குரல். "அப்பா போனை வெச்சுட்டுக் கோழிக்குத் தீனி போடப் போயிட்டாரு. யார் பேசறது?"

ரொண்டா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மழை நின்றிருந்தது. கொடிக்கம்பத்தின் கயிறு காற்றில் டிங் டிங் என்று இடித்துக்கொண்டிருந்தது.

"ஹலோ?"

"வெஸ்லி?"

"அம்மாவா? இது யாரு நம்பர்?"

"நம்பர் கிடக்கட்டும். நீ லாரமில இருக்கே. காலையில நான் பாத்தேன். மலை ஏறிட்டிருந்தே."

"அம்மா..."

"உங்கப்பன் வீட்டுல என்னடா பண்றே?"

"அம்மா, கத்தாதே. நான் சொல்றேன்."

"நான் கத்தலை!" என்று அவள் கத்தியதில் படியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். க்வென் அவர்களைப் பார்த்து, உங்க வேலையைப் பாருங்க என்பதுபோல் கையை வீசினாள்.

வெஸ்லி சொன்னான். போன மாதமே வேலையை விட்டுவிட்டான். ராலின்ஸ் பக்கத்தில் ஒரு நாள் காலை, சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். முன்னால் போன கார் சுழன்றது. இவன் வண்டியைச் சட்டென்று ஒடித்தான். லாரி நடுத்திட்டில் ஏறி அப்படியே கவிழ்ந்துவிட்டது. இவன் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினான். அடியொன்றும் இல்லை, தோளில் கன்றிப்போனதோடு சரி. வேறு லாரி கொடுத்தார்கள். ஏறி உட்கார்ந்தான். கை ஸ்டியரிங்கைப் பிடிக்க மறுத்தது. இறங்கிவிட்டான்.

"ராலின்ஸா?" ரொண்டாவுக்கு நினைவு வந்தது. "அன்னிக்குப் புள்ளி ரொம்ப நேரமா நின்னுச்சு. ஏன் நிக்கறேன்னு கேட்டேனே. சாப்பிடறேன்னியே."

"ஆமா."

"இவ்வளவு நேரமா என்ன சாப்பிடறேன்னு கேட்டேன். சிரிக்கிற மூஞ்சி அனுப்பினே."

"ஆம்புலன்ஸ்ல உக்காந்துட்டிருந்தேன் மா. என்ன அனுப்பறதுன்னு தெரியலை."

அவள் புதரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இத்தனை நாளா ஓடிட்டிருக்கிற புள்ளி யாருது?"

"ரூடியோடது. என் ரூம்ல இருக்கானே, அவன். என் பழைய போனை அவன் லாரியில சார்ஜர்ல மாட்டி விட்டிருக்கேன். அதுலதான் உனக்கு மேப் தெரியும். பேசறது, மெசேஜெல்லாம் புது போன்ல."

"அடப்பாவி! நேத்து ஷயான்ல ரெண்டு மணி நேரம் நின்னியேன்னு..."

"ரூடிக்கு அங்க ஒரு பொண்ணு இருக்கு மா."

க்வென் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நான் ரூடியவாடா காவல் காத்துட்டிருந்தேன்? தேவாலயத்துல ஜெபம் பண்ணினேன்டா அந்தப் புள்ளிக்கு!"

"உன்கிட்ட எப்படி மா சொல்றது? புள்ளி நின்னாலே உனக்கு மூச்சு முட்டுது. கவுந்துட்டேன்னு சொன்னா நீ என்ன ஆவே? ஓடிட்டே இருந்தா நிம்மதியா இருப்பியேன்னுதான்."

"நிம்மதியா? யாருடா இங்க நிம்மதியா..."

வாசலில் கர்ட்டிஸ் கைதட்டினார். "ஜூரிகள் எல்லாம் உள்ள வாங்க! நேரமாச்சு!"

"வெஸ்லி, நான் உள்ள போகணும். போனை வைக்கிறேன்."

"அம்மா, இரு..."

"இருக்க முடியாதுடா! இது என் போனே இல்ல!" அமுக்கினாள். க்வென் அதை வாங்கிச் சாண்ட்விச் பைக்குள் போட்டுப் பழையபடி புதருக்குள் செருகினாள். பிள்ளையிடம் முழுதாகக் கோபித்துக்கொள்ளக்கூட விடாத இந்தக் கட்டடத்தை ரொண்டா ஒரு பார்வை பார்த்தாள்.

வாசலில் கர்ட்டிஸ் சொன்னார்: "புதர்ல கெடச்ச போனை எல்லாம் தோட்டக்காரர் குடுத்துட்டாரு. ஷெரிஃப் ஆபீஸ்ல பத்திரமா இருக்கு. கோர்ட் முடிஞ்சு போய் வாங்கிக்கங்க."

மத்தியானம் முழுக்க வேலிக்காரர் சாட்சி சொன்னார். குதிரை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று படம் வரைந்து காட்டினார். ரொண்டா ஒரு சொல் விடாமல் கேட்டாள். கேட்காவிட்டால் மனசு பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிய பையனிடம் போனது. இங்கேயே இருந்துவிடுவது சுலபமாக இருந்தது.

சாயங்காலம் வெளியே வந்தபோது ஷெரிஃப் அலுவலகம் மூடியிருந்தது. நான்கு மணி வரைதானாம். கதவில் எழுதியிருந்ததை அவள் முழுதாகப் படித்தாள், முன்பக்கமும், கண்ணாடிமேல் கையைக் குவித்து உள்ளே எட்டிப் பார்த்துப் பின்பக்கமும்.

தெருவோரத்தில் டுவேனின் பிக்கப் வண்டி நின்றிருந்தது. அதன்மேல் சாய்ந்துகொண்டு வெஸ்லி. மெலிந்திருந்தான். தாடி விட்டிருந்தான். அவள் பக்கத்தில் போய், கைப்பையால் அவன் முழங்கையில் ஒரு போடு போட்டாள். பிறகு கட்டிக்கொண்டாள். தோளைத் தொட்டபோது அவன் முகம் சுளித்தது. இன்னும் வலி இருக்கிறது, அடியொன்றும் இல்லை என்றானே, அதுவும் பொய்தான்.

"கோபமா?"

"பேசாதே. வண்டியை எடு. மெதுவாப் போ."

"நான் மெதுவாத்தான் மா போறேன். அப்பா வீட்டுலேர்ந்து வர எவ்வளவு நேரமாச்சுன்னு கேளு. டிராக்டர் என்னை முந்திட்டுப் போச்சு."

அன்று வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஏதாவது கேட்க வாயெடுத்தால் கேள்வி திட்டாக மாறி வெளியே வந்தது. அவன் ஏதாவது சொல்லத் தொடங்கினால் டிவி பக்கம் பார்த்தான். அவளுடைய கை சும்மா சும்மா பேன்ட் பையைத் தேடியது. மகன் எதிரே சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். அப்படியும் கை அவனைப் பையில் தேடுகிறது. என்ன கை இது என்று வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை அவனே கொண்டுவந்து விட்டான். ஷெரிஃப் அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் போனை வாங்கினார்கள். உயிரோடிருந்தது. திரையில் ஒரு மூலையில் மட்டும் ஈரம் புகுந்த மாதிரி ஒரு மேகம். ரொண்டா அதைத் திறந்தாள். நீலப் புள்ளி நெப்ராஸ்காவில் சமர்த்தாகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் பழைய நிம்மதி வந்தது. வந்ததே என்று ஆத்திரமும் வந்தது.

"இந்தா" என்று போனை அவன் கையில் திணித்தாள். "நீ இங்கேயே உக்காந்திரு. ஜன்னல்லேர்ந்து பாத்தா வண்டி தெரியணும். கிளினிக்லேர்ந்து கூப்பிட்டா எடுத்துப் பேசு."

"நாள் முழுக்கவா? வண்டியிலயா?"

"ஒரு மாசமா நான் ரூடியைப் பாத்துட்டிருந்தேன். நீ ஒரு நாள் என் போனைப் பாத்துக்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

ஜூரி அறைக்கு மாடி ஏறியதும் முதல் வேலையாக ஜன்னலுக்குப் போனாள். வண்டி நின்றிருந்தது. தூறல் விழ ஆரம்பித்ததும் காபி ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். நின்றிருந்தது. நீதிமன்ற அறைக்குக் கூப்பிடுவதற்குச் சற்று முன் மறுபடி போய்ப் பார்த்தபோது, வண்டி நின்ற இடத்தில் ஈரமில்லாத ஒரு செவ்வகம் மட்டும் இருந்தது.

"என்ன?" என்றாள் க்வென்.

"போயிட்டான்."

"எங்க?"

"தெரிஞ்சா ஏன் இப்படி நிக்கறேன்?" தொண்டை வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். தோள் வலியோடு ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். அப்பன் வீட்டுக்கே திரும்பிவிட்டானா? நேற்றுக் கொஞ்சம் கூடுதலாகத் திட்டிவிட்டோமா? கேட்பதற்கு வழியில்லை. குதிரையின் கால்நடை மருத்துவர் சாட்சி சொன்னார். அன்று அவள் காதில் பாதிதான் விழுந்தது.

மத்தியானம் அவள் வெளியே வந்தபோது வண்டி வேறோர் இடத்தில், தெருவின் அந்தக் கோடியில் நின்றிருந்தது. வெஸ்லி வண்டியின் பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காகிதப் பொட்டலத்தில் சில்லி ஊற்றிய ஹாட் டாக் இரண்டு.

"எங்கடா போனே?"

"ஆத்தோரத்துல அந்த மரக்கிடங்கு இருக்குல்ல, அங்க ஆள் எடுக்கறாங்கன்னு போர்டு பாத்தேன். சும்மா கேட்டுட்டு வரலாம்னு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற வேலை. கிடங்குக்குள்ளேயேதான். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"போன் பண்ணலாம்னுதான் எடுத்தேன். உன் போன் என் பாக்கெட்லயே அடிக்குது."

ரொண்டா அவனை முறைத்தாள். அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அவள் ஏறிப் பின்கதவின்மேல் உட்கார்ந்தாள், பூட்ஸ் தரையைத் தொடவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள்.

"உனக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கை வருமா?"

"தெரியலை. இன்னிக்குச் சும்மா ஏறி உக்காரச் சொன்னாங்க. உக்காந்தேன். கை நடுங்கலை. கொஞ்சம்தான் நடுங்குச்சு."

"அந்த மாதிரி எனக்குச் சொல்லு" என்றாள் அவள். "கொஞ்சம்தான் நடுங்குச்சுன்னா கொஞ்சம்தான் நடுங்குச்சுன்னு சொல்லு. நான் கத்துவேன். கத்தினா கத்தறேன், அதுக்காக நீ ரூடியை அனுப்பாதே."

"சரி."

"ராலின்ஸ்ல என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு. நான் நடுவுல பேசமாட்டேன்."

அவன் நம்பாதவன்போல் அவளைப் பார்த்தான். பிறகு, வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, அன்று காலை எழுந்தபோதே ஜன்னலில் பனி எப்படிப் படர்ந்திருந்தது என்பதிலிருந்து தொடங்கினான். கார் சுழன்ற இடம் வந்தபோது ரொண்டா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.